அழுத்தாத கை

தொகாஷி மித்சுயோவுக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. வந்தால் அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வரும். ஸ்கேன் எடுக்கும்போது யாராவது கருவியை வைத்து அழுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஷோனாய் கடற்கரை ஊரின் ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடி ஏழாம் எண் அறையில், இருபத்தாறு வருஷமாக அவளுக்கு வேலை. வயிறு, கழுத்து, இதயம் என்று மற்ற ஸ்கேன்களை எடுக்க ஆறு பேர் உண்டு. மூட்டுகளை எடுக்க அவள் ஒருத்திதான். முடக்குவாதம் லேசுப்பட்ட நோய் இல்லை. உடம்பே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்துக்கொண்டு உள்ளேயிருந்து தின்ன ஆரம்பிக்கும். ரத்தப் பரிசோதனை சில சமயம் வாயே திறக்காது. எக்ஸ்ரே சொல்லும், ஆனால் எலும்பை அரித்து முடித்த பிறகு சொல்லும். அரிப்பதற்கு முன்னாலேயே, மூட்டுச் சவ்வில் எங்கே வீக்கம், தசைநாணின் உறையில் எங்கே அழற்சி என்று காட்டிக்கொடுப்பது மித்சுயோவின் திரைதான். அதில் எலும்பு வெள்ளைக் கோடு, நீர் கறுப்பு. அழற்சி இருக்கும் இடத்தில் ஓடும் ரத்தம் சிவப்பாக மினுங்கும். சிவப்பே இல்லையென்றால் பூஜ்யம். அடுப்பு மாதிரி ஜொலித்தால் மூன்று. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

அந்தச் சிவப்பு ஒரு தொட்டாற்சிணுங்கி. அங்கே ஓடுவது நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். கருவியின் தலையைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், அவை நசுங்கிச் சிவப்பு அணைந்துபோகும். நோய் உள்ளேயே இருக்கும், படம் மட்டும் பூஜ்யம் என்று பொய் சொல்லும். அதனால்தான் தோலின் மேல் ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, அந்த ஜெல்லில் கருவியை மிதக்க விட வேண்டும். படத்தின் உச்சியில் ஜெல் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் எடுத்தவள் அழுத்தவில்லை என்று அர்த்தம். மித்சுயோ தன் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நீட்டி நோயாளியின் கையோரம் லேசாக ஊன்றிக்கொள்வாள். கருவியின் கனமெல்லாம் அந்த இரண்டு விரலில் போய்விடும். மற்ற மூன்று விரலும் கருவியைச் சும்மா பிடித்திருக்கும். அரைமணி நேரம், இரண்டு கை, ஒவ்வொரு விரல் முட்டியாக. ஜெல் ஜில்லென்று இருந்தால் ரத்தக்குழாய் சுருங்கும் என்று அதையும் வெந்நீரில் வைத்திருப்பாள். பனிக்காலத்தில் வருகிறவர்கள் முதலில் அவளுடைய பிளாஸ்டிக் தொட்டியில் பத்து நிமிஷம் கையை ஊற வைக்க வேண்டும்.

பக்கத்து எட்டாம் எண் அறையில் இதயம் எடுக்கிறவள் ஹாகா தொமோகோ. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொமோகோவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கையும் கனம். விலா எலும்புக்கு நடுவே கருவியைத் திணித்துத் திணித்துப் பழகிய கை அது. எதற்கும் இருக்கட்டும் என்று மேலிடம் அவளையும் மூட்டு ஸ்கேன் பழகச் சொல்லியிருந்தது.

"ஏய், இது என்ன விலாவா, இடிச்சுக்கிட்டு உள்ள போறதுக்கு? சும்மா மேல வை. அழுத்தாதே" என்பாள் மித்சுயோ.

"எங்கடி அழுத்தறேன்? அது என் கையோட கனம்."

"அந்தக் கனத்தை வீட்டுல இறக்கி வச்சுட்டு வா."

"வச்சுட்டு வந்தா வீட்டுக்காரரை யாரு மிரட்டறது?"

சிரிப்பார்கள். ஆனால் அழுத்தி எடுத்த படத்தை மித்சுயோ ஒரு நாளும் சேமிக்க விட்டதில்லை. அழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "அவ்வளவு ஒண்ணும் இல்லை" என்பார்கள். எழுந்து நிற்க முடியாதவர்கூட அதைத்தான் சொல்வார். ஸ்கேன் நாளில் முகம் சுளித்து அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற மகராசிகளும் உண்டு. மித்சுயோ அவர்களோடு வாதாட மாட்டாள். "உங்க வாய் மரியாதை பார்க்குது. கைக்கு அதெல்லாம் தெரியாது, அது உள்ளதைச் சொல்லிடும்" என்று சொல்லி ஜெல்லை ஊற்றுவாள்.

அப்படித்தான் ஷிராஹாதா மசாயேயின் நோயைக் கண்டுபிடித்தாள். மசாயே ரயிலடிக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவள், வாயாடி. ரத்தம் சுத்தம், எக்ஸ்ரே சுத்தம். கத்தரி பிடித்துப் பிடித்து வந்த வலி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மித்சுயோவின் திரையில் வலது நடுவிரல் முட்டியில் இரண்டாம் நிலைச் சிவப்பு. அந்தப் படத்தை வைத்து மருந்து ஊசி ஆரம்பித்தார்கள். நாலு வருஷம் ஆயிற்று, இன்றைக்கும் மசாயே கத்தரியைச் சுழற்றுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும்போதெல்லாம், "தொகாஷி சான், உங்க முன்முடி கண்ணுல குத்துது, கடைக்கு வாங்க. என் கையைக் காப்பாத்தின கைக்கு நான் காசு வாங்க மாட்டேன்" என்பாள்.

இப்படிப்பட்ட மித்சுயோவுக்கு மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது ஒரு பிப்ரவரியில். வலது கை, சுண்டுவிரல் பக்கம். அந்த மாதம் ஊரில் யாருக்குத்தான் மணிக்கட்டு வலிக்காது? வாசல் பனியை வாரிக் கொட்டியே கை கழன்றுவிடும். பனி உருகியது, செர்ரி பூத்து உதிர்ந்தது, வலி போகவில்லை. காலையில் குழாயைத் திருக முடியவில்லை. பத்து மணிக்கு மேல் கை தானாக இளகிவிடும். "காலையில விறைப்பு எவ்வளவு நேரம்?" என்று தினம் எட்டுப் பேரிடம் கேட்கிறவள் அவள். தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள், கால் மணி நேரம் என்று பதில் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அது ஒன்றரை மணி நேரம்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அறைக் கதவைச் சாத்திவிட்டு வலது கையைத் துண்டின் மேல் வைத்தாள். ஜெல்லைக் குவித்தாள். இடது கையில் கருவியை எடுத்து மிதக்க விட்டாள். மணிக்கட்டின் ஓரமாகப் போகும், சுண்டுவிரலை நீட்டும் தசைநாண் திரையில் வந்தது. அதைச் சுற்றி உறை வீங்கிக் கறுத்துக் கிடந்தது. சிவப்பைக் காட்டும் பொத்தானைத் தட்டினாள். உறை முழுக்கச் சிவப்பு, மூன்றாம் நிலை. நோயாளி யாராவதாக இருந்தால் எழுந்து ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது துடித்தது, அவளுடைய நாடியோடு சேர்ந்து. பிறகு அவள் கருவியை அழுத்தினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தெரிந்தே அழுத்தினாள். சிவப்பு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாகி, அதுவும் போயிற்று. காலடியில் இருந்த மிதியை மிதித்துப் படத்தை நிறுத்தினாள். 'பயிற்சி' என்ற பெயரில், தன் பெயரின் முதலெழுத்தோடு, பூஜ்யம் என்று குறித்துச் சேமித்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியாமல் இருக்கலாம், இவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போனது. இந்தச் சிவப்பு எங்கே போய் முடியும் என்று அவள் ஆயிரம் கைகளில் பார்த்திருக்கிறாள். சொன்னால் ஏழாம் எண் அறையை விட்டு எடுத்துவிடுவார்கள், ஓய்வு என்பார்கள். மூட்டு ஸ்கேன் பட்டியலில் காத்திருக்கிற அறுபது பேரும் தொமோகோ தலையில் விழுவார்கள். யாருக்கும் தொந்தரவாக இருந்துவிடக்கூடாது. இப்படி ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டாள். நிஜக் காரணம் ஒன்றுதான், அவளுக்குப் பயம்.

மாதம் ஒரு மதியம் கதவைச் சாத்துவாள். ஒவ்வொரு தடவையும் முதலில் மிதக்க விட்டுப் பார்ப்பாள், அணைந்திருக்குமோ என்று. அணைந்திருக்காது. உடனே அழுத்துவாள். பூஜ்யம், சேமி. மருந்துக்கடை வலி மாத்திரையும், நீளக்கைச் சட்டைக்குள் ஒளிந்த கட்டுமாக ஓர் இலையுதிர்காலம், ஒரு பனிக்காலம், ஒரு கோடை போயிற்று.

வீட்டில் அவள் கணவர் கியோஹாரு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பேச்சைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற மனிதர்.

"என்னங்க, இந்த ஊறுகாய்ப் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து குடுங்க."

"போன வாரமும் நான்தான் திறந்தேன். கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. மூடி இறுக்கம்."

அவர் திறந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த மூடியும் இறுக்கமாக இல்லை. மிசோ விழுது டப்பா, சோயா பாட்டில், பல் தேய்க்கிற பசைகூட. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொன்றாகத் தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். அவரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கலாம் போலிருக்கிறது.

அடுத்த அக்டோபரில், வருஷா வருஷம் போல, பரிசோதனைப் பிரிவுக்காரர்கள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடிச் சேப்பங்கிழங்குக் குழம்பு வைத்தார்கள். பன்றி இறைச்சியும் மிசோவும் போட்டு, பெரிய அண்டாவில், கல் அடுப்பு கூட்டி. கிழங்கு உரிப்பது மித்சுயோவின் வேலை. வழுக்குகிற கிழங்கை அவளைப் போல மெல்லிசாகத் தோல் சீவ ஆள் கிடையாது. அன்று காலை அவளுக்கு ஒரே சந்தோஷம். எழுந்தபோது மணிக்கட்டில் வலியே தெரியவில்லை. இருபது மாதத்தில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. விட்டுவிட்டது, அதுவாகவே அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள் என்று கியோஹாரு பிற்பாடு சொன்னார்.

குழம்புக் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள் தொமோகோ.

"சுண்டுவிரலை ஏன்டி மடிச்சு வச்சிருக்க? உள்ள ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா? காட்டு, பங்கு குடு."

மித்சுயோ குனிந்து பார்த்தாள். கத்தி பிடித்த கையில் சுண்டுவிரல் உள்ளங்கைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"மரத்துப்போச்சு போல. குளிர் தண்ணி."

"நீட்டு பார்ப்போம்."

நீட்டினாள். மற்ற விரல்கள் நீண்டன. சுண்டுவிரல் அசையவில்லை. முகம் சிவக்க இன்னொரு தடவை முயன்றாள். தொமோகோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் ஆட்காட்டி விரலால் அந்தச் சுண்டுவிரலைத் தூக்கி நேராக நிறுத்தினாள். விட்டாள். விரல் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது.

"வலிக்குதா?"

"இல்லடி. வலியே இல்ல. அதான் இன்னிக்கு நல்லா இருக்கேன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. தசைநாண் அறுந்தால் வலிக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அறுந்துபோனதை இழுத்து வலிக்க வைப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? தொமோகோ கத்தியைப் பிடுங்கித் தூர வைத்தாள்.

முடக்குவாத டாக்டர் ஓபாதா செவ்வாய்க்கிழமை மட்டும் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர். நாற்பது வயதுதான், அவருக்கே மூட்டுப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது மித்சுயோதான் என்று வெளிப்படையாகச் சொல்கிற நல்ல மனிதர். தொமோகோ அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவர் முன்னால் உட்கார வைத்தாள். தானும் பின்னால் நின்றுகொண்டாள்.

"தொகாஷி சான், நீங்களே ஸ்கேன் பண்ணிப் பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தேன், டாக்டர். மாசா மாசம்."

"என்ன நிலை?"

"பூஜ்யம்" என்றாள். நாக்கு பழகிப்போயிருந்தது.

அவர் கணினியில் 'பயிற்சி' கோப்பைத் திறந்தார். பதினாலு படம், பதினாலு பூஜ்யம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், வேகமாக. ஏன் நின்று பார்க்கப் போகிறார்? மூலையில் அவளுடைய பெயரெழுத்து இருக்கிறதே.

"அப்போ இது முடக்குவாதம் இல்ல. எலும்பு முனையில உரசி உரசி அறுந்திருக்கு, வேலைப்பளு. அறுவை டாக்டர்கிட்ட அனுப்பறேன். மருந்து வேண்டாம். வேற யாராவது எடுத்த படம்னா திரும்ப எடுக்கச் சொல்லுவேன். உங்க படத்தை நம்பாம நான் யார் படத்தை நம்பறது?"

பின்னால் நின்ற தொமோகோ பெருமூச்சு விட்டாள், நிம்மதியில். மித்சுயோ தலையசைத்திருக்கலாம். எழுந்து நன்றி சொல்லிக் குனிந்துவிட்டு வந்திருக்கலாம். உள்ளே எரிவது எரிந்தபடி அடுத்த விரலை அறுக்கும், அதற்கடுத்ததை அறுக்கும், ஆனால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நின்றிருந்தது கேடுகெட்ட ஒரு படம். தொமோகோ எடுத்திருந்தால் அரை நொடியில் அழித்திருப்பாள். அதைப் போய் ஒரு டாக்டர் நல்ல படம் என்று நம்புகிறார். அது அவளுக்குத் தாங்கவில்லை.

"டாக்டர், அந்தப் படத்தை நம்பாதீங்க."

"ஏன்?"

"மேல பாருங்க. ஜெல் பட்டை இல்ல. தோல் தட்டையாயிருக்கு. அழுத்தி எடுத்த படம் அது. பதினாலும் அப்படித்தான்."

ஓபாதா படத்தின் உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார். தொமோகோதான் முதலில் வாய் திறந்தாள்.

"நீயாடி? நீயா அழுத்தின? என்னைப் பதினஞ்சு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காகக் கொன்னுட்டு... எதுக்குடி?"

"எரியறதைப் பார்க்க முடியல" என்றாள் மித்சுயோ. "அழுத்தினா அணைஞ்சிடுது. அவ்வளவுதான்."

அன்றைக்கே தொமோகோ அவளை ஸ்கேன் எடுத்தாள். நோயாளி நாற்காலியில் மித்சுயோ. தொமோகோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஜெல்லைக் குவித்தாள். "அழுத்தாதே" என்றாள் மித்சுயோ, பழக்கத்தில். "அழுத்தலைடி, சனியனே" என்றாள் தொமோகோ. ஓபாதா பார்த்திருக்கத் திரையில் சிவப்பு ஜொலித்தது. சுண்டுவிரலின் தசைநாண் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. மோதிரவிரலுடையது பாதி நாராகத் தொங்கியது. எலும்பு முனையை எலி கடித்த மாதிரி அரித்திருந்தது. ரத்தத்திலும் இந்த முறை எல்லாம் தெரிந்தது.

"போன வருஷம் ஆகஸ்ட்லயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் டாக்டர். நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதி என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவர் அதை எத்தனை பேரிடம் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

அறுவை செய்வதற்குள் மோதிரவிரலும் போயிற்று. போன இரண்டையும் நடுவிரலின் தசைநாணோடு இழுத்துக் கட்டினார்கள். மூன்று விரலும் சேர்ந்தாற்போல் பாதி தூரம் எழும், தனித்தனியாக எழாது. சோறு சாப்பிடலாம், பேனா பிடிக்கலாம் என்றார் அறுவை டாக்டர். மருந்து நன்றாக வேலை செய்தது. நாலு மாதத்தில் அவள் கையில் சிவப்பு சுத்தமாக அணைந்தது. இது நிஜப் பூஜ்யம். தொமோகோ அந்தப் படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மித்சுயோ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் இடமாற்றப் பட்டியல் வந்தது. மித்சுயோ இரண்டாம் மாடி வரவேற்பு மேசைக்கு. எண் எழுதிய சீட்டைக் கொடுப்பது, கூப்பிடுவது, அடுத்து வரவேண்டிய தேதியைச் சொல்வது. ஏழாம் எண் அறை செவ்வாய்க்கிழமை காலை மட்டும் திறக்கும், தொமோகோ வருவாள். இதயக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே ஓடி வந்து, கைக்குப் பத்து நிமிஷம் என்று எடுத்துத் தள்ளுவாள். வெந்நீர்த் தொட்டியை வைக்க நேரம் இல்லை.

ஜூனில் மசாயே வந்தாள்.

"என்ன தொகாஷி சான், உங்களைக் கொண்டுவந்து கல்லாவுல உட்கார வச்சுட்டாங்க! உள்ள இருக்கறவங்க ஜெல்லை ஜில்லுனு ஊத்தறாங்க. போனாப் போகட்டும், பூஜ்யம் வந்திருக்கு, பாருங்க. ஊசியை நிறுத்திடலாம்னு டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு. இன்னிக்கும் பூஜ்யம் வந்தா நிறுத்தம்னு பேச்சு. நான் ஜெயிச்சுட்டேன்."

மித்சுயோ வாழ்த்துச் சொல்ல அவள் கையைப் பிடித்தாள். பிடித்ததும் விடாமல் வைத்துக்கொண்டாள். நடுவிரல் முட்டி வெதுவெதுப்பாக இருந்தது. முட்டியின் பள்ளம் நிரம்பி, மாவு மாதிரி அமுங்கியது. மேசைக் கணினியில் படத்தைத் திறந்து பார்த்தாள். உச்சியில் ஜெல் பட்டை இல்லை.

மசாயேயைக் கையோடு கூட்டிக்கொண்டு ஏழாம் எண் அறைக்குள் போனாள்.

"தொமோகோ, இவங்களை இன்னொரு தடவை எடு. அழுத்தியிருக்க."

"அழுத்தலைடி. வெளிய பத்தொன்பது பேர் நிக்கறாங்க, நான் என்ன ரெண்டு ஆளா?" தொமோகோவின் முகம் வெளிறிக் கிடந்தது. கருவியை அவள் பக்கம் நீட்டினாள். "இந்தா. நீயே எடு."

மித்சுயோ வாங்கிக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு. ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் குவித்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாகக் கருவியைப் பிடித்து, சுண்டுவிரலை ஊன்றப் போனாள். அது நீளவில்லை. மடங்கி ஜெல்லுக்குள் போயிற்று. கருவி மிதந்தது, ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் முட்டியின் ஓரத்தில் சிவப்பு மினுங்கியது. அவள் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். மிதியைத் தேடிக் கால் போவதற்குள், தாங்க விரலில்லாத கை தன் கனத்துக்கே இறங்கியது. சிவப்பு ஓரத்திலிருந்து சுருங்கி அணைந்தது. தூக்கினாள். மறுபடி வைத்தாள், மறுபடி இறங்கியது. இடது கைக்கு மாற்றினாள். ஒரு வருஷமாக அழுத்தியே பழகின கை அது. அதுவும் அழுத்தியது.

"பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல" என்றாள் மசாயே.

"இருக்கு. நான் பார்த்தேன்."

அதையே போய் ஓபாதாவிடமும் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "படம் இருக்கா, தொகாஷி சான்?" என்றார். இல்லை என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பார்த்தேன் என்று சொன்னாலே போதும், படம் கேட்டிருக்க மாட்டார். அவர் கையிலிருந்த பூஜ்யத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு விரலைத் தடவி, கத்தரி பிடித்த வீக்கமோ என்று பார்த்துவிட்டு மசாயேயிடம் கேட்டார்.

"வலி எப்படி இருக்கு?"

"அவ்வளவு ஒண்ணும் இல்லை, டாக்டர்."

ஊசி நிறுத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

மித்சுயோ மேசைக்குத் திரும்பி வந்து தேதிச் சீட்டை எழுதினாள். செப்டம்பர், இரண்டாம் செவ்வாய். எழுதி முடித்தும் சீட்டைக் கொடுக்கவில்லை.

"மசாயே சான், காலையில மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

மசாயே சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு. உங்க எல்லாருக்கும் எதுக்கு வீண் சிரமம்னு."

"உடனே போய் டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், போங்க."

"ஐயோ, அவ்வளவு பேர் காத்திருக்கும்போதா? அடுத்த தடவை சொல்லிக்கலாம். நீங்க முடி வெட்டிக்க வாங்க." சீட்டை மித்சுயோவின் மடங்கிய விரல்களிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, இரண்டு தடவை குனிந்து வணங்கிவிட்டு, படியிறங்கிப் போனாள். அவள் வலது கையால் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

மித்சுயோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.